இறக்கத்தின் வரலாறு: மாத்தளை மலைப்பாதையும் பழைய ஜீப்பின் பிரேக்கும்

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளையையும் கலேவெலையையும் சூழ்ந்து கிடக்கும் உலர்வலயச் சமவெளியும், தென்கிழக்கே சுவர்போல் எழும் தும்பறை மலைத்தொடரும் ஒரே நிர்வாக எல்லைக்குள் அடங்கியிருப்பதால், இம்மாவட்டத்தின் போக்குவரத்து எக்காலத்திலும் ஏற்றமும் இறக்கமுமாகவே இருந்துவந்துள்ளது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்க, மூடிய கையின் விரல் மொளிகளை ஒத்திருந்தமையால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட அம்மலைத்தொடரின் சிகரங்களுள் நக்கிள்ஸ் 1,863 மீற்றரும் கொம்பனியா 1,906 மீற்றரும் உயர்ந்து நிற்கின்றன. இவ்வுயரங்களுக்கு இடையே ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புறைக்கும் லக்கலைப் பிரதேசத்துப் பல்லேகமவுக்கும் செல்லும் பாதை, கொண்டையூசி வளைவுகளும் மூடுபனியும் நீரோடைகளும் நிறைந்தது.

மலைநாட்டுப் போக்குவரத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் மனிதரும் பொருளும் மலையேறிய கதையையே எழுதியிருக்கின்றனர். பாதை வெட்டப்பட்ட ஆண்டும் இரயில் வந்து சேர்ந்த ஆண்டும் பதிவாகியுள்ள அளவுக்கு, ஏறிய வண்டி எவ்வாறு பத்திரமாக இறங்கியது என்பது பதிவாகவில்லை. ஆயினும் காளை வண்டி முதல் நான்கு சில்லு இயக்க வாகனம் வரை மாத்தளையின் பாதைகளில் ஓடியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது: ஏறுவதற்கான வலு முதலில் வந்தது, இறங்குவதற்கான கட்டுப்பாடு காலந்தாழ்த்தியே அதனைத் தொடர்ந்தது. பழைய ஜீப்புகளின் பிரேக்கை மேம்படுத்தும் தொழில் இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே உருவாயிற்று.

தவளம், வண்டி, தேர்

கண்டி இராச்சியக் காலத்தில் உப்பும் கருவாடும் துணியும் மலைக்கிராமங்களுக்குத் தவளம் மூலமே சென்றன. தவளம் என்பது முதுகில் பொதி சுமந்த மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வணிகக் கூட்டம். சில்லில்லாத அப்போக்குவரத்தில் இறக்கத்தின் ஆபத்து மாட்டின் குளம்போடு முடிந்துவிட்டது. பிரேக் என்ற சிந்தனைக்கே அங்கு இடமிருக்கவில்லை. சில்லு மலைக்கு வந்தது கோப்பிப் பயிர்ச்செய்கையோடுதான். ஆண்டுக்கு 6 நாள் பாதை வேலை செய்ய வேண்டும், இல்லையேல் 3 ஷில்லிங் செலுத்த வேண்டும் என்று விதித்த 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாக அமைந்தது என்பதை நினைவிற்கொண்டால், மலையில் ஒரு பாதை என்பது எவ்வளவு கனமான விடயமாக இருந்தது என்பது விளங்கும். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளர் முதலில் எட்டிய தோட்டப் பிரதேசமும் மாத்தளையே.

கோப்பி மூட்டைகளை ஏற்றி மலையிலிருந்து இறங்கிய காளை வண்டிக்கு, சில்லின் இரும்புப் பட்டையில் உராயும் ஒரு மரக்கட்டையே பிரேக்காக இருந்தது. கட்டை பிடிக்காதபோது வண்டியின் பாரம் முழுவதும் நுகத்தடி வழியாகக் காளைகளின் கழுத்தில் விழுந்தது. இதே சிக்கல் உலகின் பிற மலைப்பகுதிகளிலும் இருந்தது. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைச்சரிவுகளில் இறங்கிய வண்டிக்காரர்கள், கட்டை வழுக்காமலிருக்கப் பழைய சப்பாத்துகளை அதில் பொருத்தியிருந்ததைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், பதப்படுத்திய பருத்தித் துணியால் உராய்வுப் பட்டை செய்யும் முயற்சியை 1897இல் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயரில் பின்னாளில் உலகெங்கும் விற்பனையான பிரேக் லைனர் அதிலிருந்து பிறந்தது. ஜீப்பின் சில்லுக்குள் மறைந்திருக்கும் லைனர், ஆகவே, வண்டிக்காரனின் தேய்ந்த சப்பாத்தின் வழித்தோன்றலே.

கண்டியிலிருந்து மாத்தளைக்கான இரயில் பாதை 1880இல் திறக்கப்பட்டது. இலங்கை இரயில்வேயில் பின்னாளில் நிலைபெற்ற வெற்றிட பிரேக் முறையில், தொடர் முழுவதும் ஓடும் குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் காற்று உட்புகுந்து எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழுது ஏற்பட்டால் வண்டி நிற்க வேண்டுமேயன்றி ஓடக்கூடாது என்ற இந்தத் தத்துவம், வீதியில் ஓடிய சிறு வாகனங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

மாத்தளையில் தமிழர் அறிந்திருந்த இன்னொரு தடுப்புமுறையும் உண்டு. ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் மாசிமகப் பெருவிழாவில் பஞ்சரதங்கள் நகர வீதிகளில் பவனி வரும்போது, தேரின் போக்கைச் சீர்செய்வதும் அதனை நிறுத்துவதும், சில்லின் அடியில் உரிய கணத்தில் கட்டையைச் செருகுவோரின் பொறுப்பு. அன்றாடப் பேச்சில் முட்டுக்கட்டை என்ற சொல் இடையூறு என்ற பொருளையே பெற்றுவிட்டது. தேர்ச் சில்லின் அருகே குனிந்து நிற்பவருக்கோ அதுவே தேரை வழிநடத்தும் கருவி.

ஜீப்பின் வருகை

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு அருகேயுள்ள பேராதனைக்கு மாற்றப்பட்டது. அக்காலத்து இராணுவ வாகனமான வில்லிஸ் ஜீப்பின் பெயர், இலங்கையில் எந்த நிறுவனம் செய்த நான்கு சில்லு இயக்க வாகனத்துக்கும் பொதுப்பெயராயிற்று. நான்கு சில்லு இயக்கம் என்பது எஞ்சினின் வலுவைப் பின்சில்லுகளுக்கு மட்டுமன்றி முன்சில்லுகளுக்கும் பகிர்ந்தளிப்பதாகும். சேற்றிலும் செங்குத்தான மேட்டிலும் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவர் தோட்டத் துரைமாரின் வாகனமாகவும், மிட்சுபிசி நிறுவனம் வில்லிஸின் அனுமதியோடு 1950களில் ஜப்பானில் செய்யத் தொடங்கிய ஜீப்பும் இந்தியாவின் மகேந்திரா ஜீப்பும் அரச திணைக்களங்களினதும் வணிகரினதும் வாகனங்களாகவும் மலைப்பாதைகளில் இடம்பிடித்தன.

இவற்றின் பிரேக் அமைப்பு, இவை ஏறிய மலைகளோடு ஒப்பிடுகையில் மிக எளியது. வில்லிஸ் ஜீப்புக்குச் சில்லோடு சுழலும் 9 அங்குல இரும்பு டிரம்களும், குறுகிய லாண்ட் ரோவருக்கு 10 அங்குல டிரம்களும், அதன் நீண்ட வகைக்கு 11 அங்குல டிரம்களும் பொருத்தப்பட்டிருந்தன. சாரதி பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் பம்ப் எனப்படும் உருளையிலிருந்து பிரேக் ஒயில் குழாய்கள் வழியே தள்ளப்பட்டு, ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் பம்பை விரிக்க, அது லைனர் அறைந்த பிறைவடிவான இரண்டு சூக்களைச் சுழலும் டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது. தொடக்ககால வாகனங்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே மாஸ்டர் பம்ப்பும் ஒரே ஒயில் சுற்றுமே இருந்தமையால், ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். அந்நிலையில் எஞ்சியிருந்தது ஹாண்ட்பிரேக் மட்டுமே. லாண்ட் ரோவரில் அது சில்லைப் பிடிக்காமல், கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைப் பிடிப்பது. நிறுத்திய வண்டியை அசையாமல் வைத்திருக்கவே அது அமைக்கப்பட்டது.

டிரம்மும் வெப்பமும்

பிரேக் என்பது அடிப்படையில் இயக்கத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 2,000 கிலோகிராம் எடையுள்ள ஜீப் ஒன்று 800 மீற்றர் உயரத்தை இறங்கும்போது விடுபடும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், அறை வெப்பநிலையிலுள்ள 50 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினும் காற்றும் வீதியும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள, எஞ்சியது நான்கு இரும்பு டிரம்களின் தலையில் விழுகிறது. மூடிய கலயம் போன்ற டிரம்மிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. சூடேறிய டிரம் விரிந்து சூவை விட்டு விலகுவதால் பெடல் முன்னைவிட ஆழமாக இறங்க, லைனரும் சூட்டினால் பிடிமானத்தை இழக்கிறது. சாரதிகள் ‘பிரேக் இறங்குகிறது’ என்று குறிப்பிடும் நிலை இதுவே. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய நிலையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் கொதிநிலை கொண்டிருக்க வேண்டிய டொட் 3 வகை ஒயில், ஈரமேறிய பின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ்கள் தோன்றினால், குமிழ்கள் அழுந்துமேயன்றி அழுத்தம் சில்லைச் சென்றடையாது.

டிரம்மின் மற்றுமொரு பகை நீர். லக்கலைப் பகுதியின் ஓடைகளைக் குறுக்காகக் கடந்த வண்டியின் டிரம்முக்குள் புகுந்த நீர் உடனே வடிவதில்லை. லைனர் உலரும்வரை பிரேக் வழுக்கும். ஓடை கடந்ததும் பெடலை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்மைக் காயவைக்கும் பழக்கம் இதனால் உருவானது.

டிரம்முக்கு ஒரு நற்குணமும் உண்டு. சில்லு சுழலும் திசைக்கு முகங்கொடுத்து நிற்கும் சூவை டிரம் தானே தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், சிறிய மிதியிலும் பெரிய பிடி கிடைக்கிறது. நீண்ட லாண்ட் ரோவரின் முன்சில்லுகளில் இரண்டு சூக்களும் இவ்வாறு முகங்கொடுத்து நிற்குமாறு, ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு வீல் பம்ப்கள் வைக்கப்பட்டன. ஆனால் மேட்டில் எஞ்சின் நின்று வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் இந்த அனுகூலம் தலைகீழாகி, இரண்டு சூக்களும் தள்ளப்படுவனவாக மாறிப் பிடி தளர்ந்துவிடும். மலைப்பாதைகளில் மேட்டில் நிறுத்திய வண்டியின் சில்லுக்குக் கல்லோ கட்டையோ வைக்கும் வழக்கத்தை வெறும் எச்சரிக்கை உணர்வாகக் கருதிவிட முடியாது. அதற்கு இயந்திரவியல் சார்ந்த காரணமும் இருந்தது.

இத்தகைய பிரேக்கை நம்பி மலையிறங்கிய பழைய சாரதிகள் பிரேக்கைக் குறைவாகவே பயன்படுத்தினர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவர்களிடையே வழங்கிய பொது விதி. இரண்டாம் கியர்ப் பெட்டியின் தாழ்ந்த வரிசையில் வண்டியை இட்டு, சுழல மறுக்கும் எஞ்சினையே பாரந்தாங்கியாக்கினால் டிரம் குளிர்ந்தபடி இருக்கும். வண்டி மெதுவாக ஓடியவரை இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

எஞ்சின் மாறிய காலம்

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த வாகனத்தைப் பழுதுபார்த்தே ஓட்டும் கலையை இலங்கையில் வளர்த்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின், ஜப்பானிலிருந்து வந்த பயன்படுத்திய எஞ்சின்களும் பாகங்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் குவியத் தொடங்கின. பெற்றோல் குடித்த பழைய லாண்ட் ரோவர்களுக்கு இசுசு, நிசான், டொயோட்டா டீசல் எஞ்சின்களைப் பொருத்துவது நாடெங்கும் பரவிய வழக்கமாயிற்று. எரிபொருள் செலவு குறைந்தது. ஏற்றத்தில் இழுவை கூடியது. சமவெளியில் வேகமும் கூடியது. ஆனால் 50 குதிரைவலுவை மனதிற்கொண்டு வடிவமைக்கப்பட்ட 10 அங்குல டிரம் அப்படியே இருந்தது. காளை வண்டிக் காலத்து ஒழுங்கு இவ்வாறு மீண்டும் தலைகாட்டியது.

எஞ்சின் மாற்றம் பிரேக்கை வேறொரு வழியிலும் தொட்டது. சாரதியின் காலுக்குத் துணைநின்று மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வெற்றிடத்தால் இயங்குவது. பெற்றோல் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் அவ்வெற்றிடம் இயல்பாகவே தோன்றுகிறது. டீசல் எஞ்சினில் காற்று தடையின்றி உட்செல்வதால் தோன்றுவதில்லை. ஆகவே, டைனமோவின் பின்புறத்தில் சிறு வெற்றிட பம்ப் இணைந்த ஜப்பானிய எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால், முன்னர் பூஸ்டரே இல்லாதிருந்த லாண்ட் ரோவருக்கும் பூஸ்டர் பொருத்த வழி பிறந்தது. ஏறுவதற்கென வாங்கிய எஞ்சின் இறங்குவதற்கான உதவியையும் முதுகில் சுமந்து வந்தது எனலாம்.

மேம்பாட்டின் படிகள்

பழைய ஜீப்பின் பிரேக்கைச் சீர்செய்யும் வேலையை மூன்று படிகளாக வகுக்கலாம். முதலாவது, உள்ளதை உள்ளபடி புதுப்பித்தல். கராஜில் பாஸ் என்று அழைக்கப்படும் தலைமைத் தொழிலாளி—டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல் இது—டிரம்மைக் கழற்றி, உட்சுவரில் விழுந்த வரிகளை விரல்நுனியால் தடவிப் பார்த்து, லேத்தில் கடைய வேண்டுமா என்று முடிவுசெய்கிறார். சூவில் தேய்ந்த லைனரின் ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டு, புதிய லைனரைச் சூவோடு இறுக்கி, நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி ஆணி அறைகிறார். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் இடைவெளி விழும். பின்னர் டிரம்மின் உட்புறத்தில் சோக்கட்டியைத் தேய்த்து, சூவை வைத்துச் சுழற்றி, வெண்மை படிந்த மேடுகளை மட்டும் அராவுகிறார். முற்கால லைனர்களில் கல்நார் கலந்திருந்ததால், டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதும் பழக்கம் நுரையீரலுக்குக் கேடானது என்பது பிற்காலத்திலேயே பரவலாக உணரப்பட்டது.

இறுதியில் எயார் எடுத்தல் எனப்படும் வேலை நடைபெறுகிறது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லின் பின்புறமுள்ள சிறு முனையைத் திறந்து, ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்திய குழாய் வழியே குமிழ்கள் வெளியேறி முடியும்வரை கவனிக்கிறார். ‘மிதி’, ‘பிடி’ என்ற இரு சொற்களின் தாளத்திலேயே நடக்கும் இவ்வேலை, இரட்டை வீல் பம்ப் கொண்ட முன்சில்லில் எளிதில் முடிவதில்லை. அங்கு சூக்களை முன்கூட்டியே டிரம்மோடு முட்டும் அளவுக்கு விரித்துவிட்டால்தான் பம்ப்களுக்குள் பதுங்கிய காற்று முற்றாக வெளியேறும்.

இரண்டாவது படி, அதே குடும்பத்தின் பெரிய உறுப்பினரிடமிருந்து பிரேக்கைக் கடன்வாங்குதல். நீண்ட லாண்ட் ரோவரின் 11 அங்குல முன் டிரம்மையும் அதன் பின்தட்டையும் குறுகிய வண்டியில் பொருத்தி, அதற்கேற்ற அளவுடைய மாஸ்டர் பம்ப்பையும் பூஸ்டரையும் இணைப்பது இவ்வகை. இரட்டைச் சுற்று மாஸ்டர் பம்ப்பும் இப்படியிலேயே இடம்பெறுகிறது. முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் ஒயிலைத் தனித்தனியே அனுப்பும் இந்த அமைப்பில் ஒரு சுற்று வெடித்தாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதல் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட இம்முறை, பழைய ஜீப்பில் செய்யக்கூடிய மாற்றங்களுள் மிக முக்கியமானது. இரயில் குழாயில் வெகுகாலத்துக்கு முன்பே இருந்த தத்துவத்தின் ஒரு பாதியேனும் இதன்மூலம் ஜீப்புக்குக் கிட்டியது.

மூன்றாவது படி டிஸ்க் பிரேக். சில்லோடு சுழலும் திறந்த இரும்புத் தட்டை, காலிப்பர் எனப்படும் இடுக்கி இருபுறமும் பேட்களால் கவ்வுவதே இதன் அமைப்பு. தட்டு சூடேறி விரிந்தாலும் பேட்டை நோக்கியே விரியும். காற்று நேரே படுவதால் விரைவில் குளிரும். நீரை ஓரிரு சுழற்சியில் உதறிவிடும். 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சில்லுகளிலும் டிஸ்க்கைக் கொண்டிருந்தது. 1983இல் வந்த லாண்ட் ரோவர் 110 முன்சில்லுகளில் அதனைப் பெற்றது. இவ்வாறான பிற்கால வண்டிகள் உடைக்கப்படும்போது கிடைக்கும் முன்னச்சையோ அதன் உறுப்புகளையோ பழைய வண்டிக்கு ஏற்றுவது இத்தொழிலின் உச்சநிலை வேலை.

ஆயினும் டிஸ்க்கைப் பொருத்தினால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. டிரம்முக்கென அமைந்த சில மாஸ்டர் பம்ப்களில், குழாயில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு உண்டு. அதனை அகற்றாமல் டிஸ்க்கை இணைத்தால் பேட்கள் விடாது உராய்ந்து, சமவெளியில்கூட சில்லு சூடேறும். டிஸ்க்குக்குச் சுயமாக இழுத்துக்கொள்ளும் குணம் இல்லாததால் பூஸ்டரின்றிப் பெடல் கல்லாக இருக்கும். முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் இடையிலான பிடியின் பங்கீடும் மாறும். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் பின்சில்லுகள் இலேசாகின்றன. அவை முதலில் இறுகிவிட்டால் ஈரமான கொண்டையூசி வளைவில் வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி வீசப்படும். இரண்டையும் ஒத்திசைய வைப்பதிலேயே ஒரு பாஸின் தேர்ச்சி வெளிப்படுகிறது.

ஏட்டில் ஏறாத வரலாறு

நக்கிள்ஸ் வனம் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற பின், பிட்டவலப் பத்தனைக்கும் ரிவர்ஸ்டனுக்கும் செல்வோர் தொகை பெருகி, தோட்டத்துக்கும் ஏலக்காய்க்கும் உழைத்த ஜீப் சுற்றுலாவுக்கும் உழைக்கத் தொடங்கியது. 2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டுவரை நீடித்தமையால், பழைய வண்டியைப் புதுப்பித்து ஓட்டுவது விருப்பத்தைத் தாண்டித் தேவையாகவும் மாறிற்று. இத்தனைக்கும் இலங்கையில் வாகனத்தின் பதிவேட்டில் எஞ்சின் இலக்கத்துக்கு இடமுண்டு. எஞ்சின் மாறினால் அது பதியப்படுகிறது. 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையும் எஞ்சினின் மூச்சையே அளக்கிறது. டிரம் டிஸ்க்காக மாறியதற்கோ ஒற்றைச் சுற்று இரட்டையானதற்கோ அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை.

அந்த வரலாற்றை வாசிக்க வேண்டுமாயின் சில்லைக் கழற்றியே பார்க்க வேண்டும். பலமுறை கடைந்து மெலிந்த டிரம்மின் சுவரும், ஆணி மாற்றி மாற்றி அகன்றுபோன சூவின் துளைகளும், வேறொரு வண்டியிலிருந்து வந்த காலிப்பருக்காக அராவப்பட்ட தட்டும், அந்த ஜீப் எத்தனை முறை ரிவர்ஸ்டனைக் கடந்து ரத்தோட்டைக்குப் பத்திரமாகத் திரும்பியது என்பதற்கான சான்றுகளாக அங்கே இருக்கின்றன. மாசிமகத்தில் தேரை இழுப்போரை வீதி முழுவதும் பார்க்கும். சில்லுக்கடியில் கட்டை வைப்பவரைப் பார்க்கவேண்டுமானால் பார்ப்பவரும் சற்றுக் குனிய வேண்டியிருக்கிறது.